அளவுகோலைக் காப்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல் மாணவர், ஜேடர்பாளையம்)

மேட்டூர் அணையில் இன்று நீர்மட்டம் எவ்வளவு? சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பிறந்த எவரும் இந்தக் கேள்வியை வேடிக்கையாக எண்ணமாட்டார். 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை 120 அடி வந்தால் நிரம்பியது என்பது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் மனப்பாடம். நாளிதழின் தலைப்புச் செய்தியைப் படிக்கிறார்களோ இல்லையோ, நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் என்ற நான்கு எண்களை யாரேனும் படித்துச் சொன்ன பிறகுதான் டீக்கடையில் அடுத்த பேச்சு. ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே உள்ள படுகை அணையிலிருந்துதான் ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதில் தண்ணீர் எத்தனை நாள் ஓடும், கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பாயுமா என்பதெல்லாம் அந்த நான்கு எண்களைப் பொறுத்தவை.

தண்ணீருக்குள் இறங்கி அளந்து பார்க்க யாராலும் இயலாது. அணையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதைப் பார்த்துக் குறித்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளும் அந்த அளவுகோலும் ஒழுங்காக இருக்கும் வரையில்தான் நமக்கு அணையைப் பற்றி ஏதேனும் தெரியும். அணையைக் கட்டியவர்களைப் பற்றிப் பாடநூலில் படிக்கிறோம். அளவுகோலில் அழிந்துபோன எண்ணுக்கு மறுபடி வண்ணம் பூசியவரைப் பற்றி எங்கேனும் படித்ததுண்டா? இக்கட்டுரை அத்தகையோரைப் பற்றியது. ஆனால் தண்ணீரைப் பற்றியது அன்று. கணிப்பொறிகளில் தேங்கும் தகவல்களைப் பற்றியது.

வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படம், நாம் எழுதிய பருவத் தேர்வின் மதிப்பெண், நிலத்தின் பட்டா ஆகிய அனைத்தும் இன்று எங்கோ ஓர் அறையில் வரிசையாக அடுக்கிய டிஸ்க்குகளில் கிடக்கின்றன. அந்தத் தேக்கத்தைச் சேமிப்பகம் என்போம். எத்தனை டிஸ்க்குகள் உயிரோடு இருக்கின்றன, எது நோயுற்றிருக்கிறது, எவ்வளவு இடம் மீதி, எந்தப் பிரதி பின்தங்கிவிட்டது என்று பார்த்துச் சொல்லும் சிறு மென்பொருள்கள் உண்டு. அவையே சேமிப்பகக் கண்காணிப்புக் கருவிகள். அவற்றுள் பல கட்டற்ற மென்பொருள்கள். அதாவது, அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம். விலையில்லை என்று மட்டும் நம்மவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பூட்டில்லை என்பதுதான் முக்கியம்.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பெயர் உலகெங்கும் அறிந்த பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் 'தண்டர்' என்னும் மீக்கணிப்பொறியை அமைத்த நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். 2004-இல் அது உலகின் விரைவான கணிப்பொறிகளுள் இரண்டாம் இடம் பெற்றது. மறு ஆண்டே அவர் 'குளஸ்டர்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஜி.என்.யூ.' என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெயரையும் 'கிளஸ்டர்' என்ற சொல்லையும் சேர்த்துக் குழைத்த பெயர் அது. நிரலில் பெரும்பங்கு பெங்களூரில் எழுதப்பட்டது.

குளஸ்டர் செய்யும் வேலையைச் சொல்வது எளிது. விலையுயர்ந்த தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். சாதாரண சர்வர்கள் பலவற்றின் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். இணையும் ஒவ்வொரு துண்டுக்கும் 'பிரிக்', அதாவது செங்கல் என்றே பெயர். எந்தக் கோப்பு எந்தச் செங்கல்லில் இருக்கிறது என்று எழுதி வைக்கத் தனிப் பேரேடு கிடையாது. கோப்பின் பெயரைக் கொண்டே கணக்கிட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடும். 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் 13 கோடியே 60 லட்சம் டாலர் அளவுக்கு விலை கொடுத்து இதை வாங்கியது.

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒரே தகவலை மூன்று செங்கற்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு செங்கல் விழுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! கோப்பைத் திறந்தால் திறக்கும், எழுதினால் எழுதும். அதற்காகத்தானே மூன்று பிரதி? ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த பிரதியே பழுதை மறைத்துவிடுகிறது. பயன்படுத்துகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாவதும் விழும் நாளில் எழுதுவது நின்றுபோகும். மூன்றாவதும் போனால் தகவலே போயிற்று. முதல் செங்கல் விழுந்த அன்றே சொல்ல ஒரு வாய் வேண்டும்.

குளஸ்டரில் இவற்றை அறியத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. பக்கம் பக்கமாக விடை தரும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பொறியாளர் அதைப் படித்துப் பொருள் காண்பதற்குள் பொழுது விடிந்துவிடும். 2014-இல் ரெட் ஹாட் பொறியாளர் ஒருவர் அவற்றையெல்லாம் திரட்டி ஒரே திரையில் சுருக்கிச் சொல்லும் 'ஜி-ஸ்டேட்டஸ்' என்ற கருவியைப் பைத்தான் மொழியில் எழுதினார். தொகுதி நலமா, நலிவா. எத்தனை சர்வர்கள் விழித்திருக்கின்றன. எத்தனை செங்கற்கள் நிற்கின்றன. நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியது. எத்தனை கோப்புகள் சரிசெய்யக் காத்திருக்கின்றன. நம் மேட்டூர் எண்களைப் போலவே நாலைந்து எண்கள், அவ்வளவே.

பிறகு அது கவனிப்பாரற்றுப் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எழுதியவருக்கு வேறு வேலை வந்திருக்கும். கட்டற்ற மென்பொருள் உலகில் இது நாள்தோறும் நடப்பது. குளஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு மாறியது, கருவி மாறவில்லை. போதாக்குறைக்கு அது எழுதப்பட்டது பைத்தான் 2-இல். அந்தப் பைத்தானுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது. முதலாண்டில் 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி போட மறந்து நாம் எத்தனை முறை பிழைச்செய்தி வாங்கியிருப்போம்! அந்த அடைப்புக்குறி தேவைப்படாத காலத்து நிரல் அது. 2020-இல் குளஸ்டர் குழுவைச் சேர்ந்தோர் அதைத் தூசி தட்டி எடுத்து, பைத்தான் 3-க்கு மாற்றி எழுதி, புதிய குளஸ்டரோடு பேச வைத்தார்கள். யாரும் விழா எடுக்கவில்லை. திரையில் வருவது பழைய செய்திதானே! இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குளஸ்டரைத் தன் பெயரில் விற்றுவந்த ரெட் ஹாட், அந்த விற்பனைப் பொருளுக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டது. பூட்டில்லாத மென்பொருள் ஆதலால் குளஸ்டர் சாகவில்லை. ஆனால் அதைத் தாங்கும் கைகள் குறைந்துவிட்டன.

மற்ற மென்பொருள்கள் பழுதாவதற்கும் கண்காணிப்புக் கருவி பழுதாவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாட்டுக் கேட்கும் செயலி பழுதானால் பாட்டு நின்றுவிடும், உடனே தெரியும். கண்காணிப்புக் கருவி பழுதானால் எச்சரிக்கை நின்றுவிடும். எச்சரிக்கை இல்லாத நாளும் எல்லாம் நலமாக இருக்கும் நாளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்! எப்போதும் 120 அடி காட்டும் உடைந்த அளவுகோல் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அளவுகோலே இல்லாவிட்டால் ஆற்றுக்குப் போயாவது பார்ப்போம். உடைந்த அளவுகோல் நம்மைத் திண்ணையில் உட்கார வைத்துவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. உலகெங்கும் நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் 'கிட்லேப்' என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பார்ப்போம். இரவு நேரத்தில், நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர் வேறொரு சர்வர் என்று எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். போனால் போகட்டும், ஐந்து வகையான காப்புமுறைகள் இருக்கின்றனவே என்று பார்த்தால், ஒன்றுகூட எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தினந்தோறும் பிரதி எடுக்க வேண்டிய நிரல், தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பாக இருந்ததால் ஓடியவுடன் விழுந்துகொண்டிருந்தது. விழுந்தேன் என்று அது மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. ஆனால் அந்த அஞ்சல்கள் ஏற்கப்படாமல் கழிக்கப்பட்டுவிட்டன. ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறு ஒரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அப்படியும் அந்த ஆறு மணி நேரத்துத் தகவல்கள் மீளவில்லை. ஏறத்தாழ ஐயாயிரம் புரொஜெக்ட்டுகளுக்கு இழப்பு. இவ்வளவையும் அந்நிறுவனத்தார் ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார்கள். நம் துறையில் டேட்டாபேஸ் பாடம் நடத்தும்போது முதல் வகுப்பிலேயே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

சரி, கைவிடப்பட்ட கருவிக்கு மறுவாழ்வு உண்டா என்றால், உண்டு. அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்'. ஏறத்தாழ எல்லா ஹார்ட் டிஸ்க்குகளிலும் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடேறியது, கெட்டுப்போன எத்தனைக் கட்டங்களுக்கு மாற்றிடம் ஒதுக்கியது, எத்தனைக் கட்டங்கள் ஐயத்துக்குரியவை என்றெல்லாம் அது எழுதி வைக்கும். டிஸ்க் பேசுகிறது, கேட்கத்தான் ஆள் வேண்டும். அமெரிக்காவில் சாந்தா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்ன்வெல் என்ற மாணவர், தம் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வாக, அதைக் கேட்டு எழுதும் 'ஸ்மார்ட்சூட்' என்ற கருவியைச் செய்தார். கவனியுங்கள்: இறுதியாண்டு புரொஜெக்ட்! நாமும் செய்யப்போகிறோமே, அதேதான். படிப்பு முடிந்தது, கருவியும் காலப்போக்கில் பின்தங்கியது.

2002-இல் அதைக் கையில் எடுத்தவர் கணினித்துறையைச் சேர்ந்தவரே அல்லர். புரூஸ் ஆலன் என்னும் இயற்பியல் பேராசிரியர். ஈர்ப்பலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். அந்த ஆராய்ச்சிக்காக நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் பூட்டிய கணிப்பொறித் தொகுதியை நடத்திவந்த அவருக்கு, எது எப்போது சாகும் என்ற கவலை. புதிதாக ஒன்றைத் தொடங்காமல், அந்த மாணவரின் பழைய நிரலை எடுத்து, புதிய டிஸ்க்குகளுக்கு ஏற்ப விரித்து, 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். பின்னர் அது வேறு கைகளுக்கு மாறி, இன்றளவும் நடந்துவருகிறது. இயல்பான அமைப்பில் அரை மணிக்கு ஒரு முறை டிஸ்க்கின் நாடி பிடித்துப் பார்த்து, மாறுதல் இருந்தால் உரியவருக்கு அஞ்சல் அனுப்பும். அந்தக் கருவியின் கையேட்டில் இது முதலில் ஒரு மாணவரின் பட்டப்படிப்பு ஆய்வாகத் தொடங்கியது என்பது இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. நூலகத்து அலமாரியில் கிடந்து செல்லரித்திருக்க வேண்டிய ஒரு புரொஜெக்ட்!

இந்தக் கருவி எல்லாம் அறிந்த முனிவர் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாள்களுக்குள் சாவதற்கு, பிழை தோன்றாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு வாய்ப்பு உண்டு என்றார்கள். அதே கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் நூற்றுக்கு 36-க்கு மேல் வெப்பநிலையைத் தவிர வேறெந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன என்றும் எழுதினார்கள். ஆகவே கருவி இருந்தாலும் பிரதி வேண்டும். பிரதி இருந்தாலும் கருவி வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. அக்காவுக்குப் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினிதான் எனக்கும். அக்கா கல்லூரிக்குப் போகவில்லை, நூற்பாலைக்குப் போனாள். கணிப்பொறி வீட்டில் இருந்தது. சென்ற ஆண்டு அதில் இந்தக் கருவியை ஓட்டியபோது ஐயத்துக்குரிய கட்டங்கள் எட்டு என்று காட்டியது. இரண்டு வாரம் கழித்து நாற்பது. அன்றிரவே பாட்டியின் படங்களையும் என் குறிப்புகளையும் வேறிடத்துக்கு மாற்றினேன். பொங்கலுக்குள் டிஸ்க் ஓய்ந்தது. காசு கொடுத்து வாங்காத ஒரு கருவி, எங்கோ ஒரு மாணவர் தொடங்கி, எங்கோ ஒரு பேராசிரியர் மீட்டு, முகம் தெரியாத பலர் இருபதாண்டுக்கு மேல் பராமரித்தது, எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து வேலை செய்தது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா வெல்ல ஆலைக்கொட்டகையில் பாகு காய்ச்சுபவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது புதுசாச் செய்யற வேலையா, ரிப்பேர் வேலையா கண்ணு?" என்றார். ரிப்பேர் என்றேன். "ரிப்பேர் பாக்கறதுக்கா காலேசு? அதை பரமத்தியில கடை போட்டே பண்ணலாமுங்கறாங்களே" என்றார். அப்பா சொன்னதில் கேலி இல்லை, கவலை இருந்தது. கையால் பழுது பார்ப்பவனுக்கு இந்தச் சமுதாயம் என்ன மரியாதை கொடுக்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். அவருக்கு விடை சொல்ல எனக்கு எளிதாக இருந்தது. நம் துறைக்கு விடை சொல்வதுதான் கடினம்.

ஏனென்றால் நம் துறையும் அதைத்தான் நினைக்கிறது! மூன்றாம் ஆண்டு புரொஜெக்ட் என்றால் 'புதிதாக' இருக்க வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? மாணவர் விவரத் தொகுப்பு, நூலக மேலாண்மை, மருந்துக்கடைப் பட்டியல். ஒவ்வோர் ஆண்டும் இவையே பெயர் மாறி வருகின்றன. மூத்த மாணவர் ஒருவர் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து ஆயத்தமான புரொஜெக்ட் ஒன்றை வாங்கினார். பணம் அவருடைய அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். வாய்மொழித் தேர்வுக்கு முன்னாள் இரவு அந்த நிரலைத் திறந்து பார்த்தால், உள்ளே வேறொரு கல்லூரியின் பெயர்! அதை அழித்து நம் கல்லூரியின் பெயரை எழுதியதுதான் அவர் எழுதிய ஒரே வரி. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். மூன்று மாதத்தில் யாரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய் என்று முதல் தலைமுறை மாணவனிடம் சொன்னால் அவன் எங்கே போவான்?

பழையதைப் பேணுவது நம் மண்ணுக்குப் புதிய செய்தியா? அல்லாள இளைய நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் ராஜா வாய்க்காலை வெட்டினார் என்று எங்கள் பகுதியில் போற்றுகிறோம். வெட்டியது ஒரு முறை. தூர்வாரியது எத்தனை முறை? ஆண்டுதோறும் மண் படியும், கோரை மண்டும், கரை சரியும். வாரி வாரிப் போட்டதனால்தான் இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது. ஏரி குளங்களைப் பாசனம் பெறுவோரே கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-இல் ஆங்கில ஆட்சி அதைச் சட்டமாகவே எழுதியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் மீண்டும் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளும் பொதுக் குளம்தான். மொள்ளுகிறவர் கோடிப் பேர். மண்வெட்டி பிடிப்பவர் ஒருவரோ இருவரோ.

இங்கே நண்பர்கள் கேட்கும் ஒரு கேள்வி நியாயமானது. "கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் பயன்படுத்தும் கருவிக்குப் பஸ் பாஸில் வந்துபோகும் நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?" குடிமராமத்திலும் பண்ணையார் நிலத்துக்குப் பாயும் வாய்க்காலை ஏழைகளே தூர்வாரினார்கள் என்ற பழைய வழக்கு உண்டு. அதை மறந்துவிட்டுப் பேசினால் நான் பேசுவது வெறும் உபதேசமாகிவிடும்.

அண்மையில் நடந்த ஒன்று இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. குளஸ்டரை விற்ற பின் ஆனந்த் பாபு பெரியசாமி வேறிருவருடன் சேர்ந்து 2014-இல் 'மின்-ஐ-ஓ' என்ற மற்றொரு சேமிப்பக மென்பொருளைத் தொடங்கினார். அதுவும் கட்டற்றது, உலகெங்கும் பரவியது. 2025 மே மாதத்தில் அதன் இலவசப் பதிப்பிலிருந்த நிர்வாகத் திரையின் பெரும்பகுதியை நிறுவனம் நீக்கிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், இலவசப் பதிப்பு இனிப் பராமரிப்பு நிலையில் மட்டுமே இருக்கும், புதிய மாற்றங்கள் ஏற்கப்படமாட்டா என்றும் அறிவித்தது. நிறுவனத்துக்கு வருமானம் வேண்டும். அதைத் தவறென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தத் திரையை நம்பியிருந்தவர்கள் கதி? சட்டப்படி அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பழைய நிரலை எடுத்துத் தாமே நடத்தலாம். நடத்துவதற்கு நிரலைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! உரிமைப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. உழுவதற்கு ஆள் இல்லை. என் நண்பர்களுக்கு என் விடை இதுதான்: கம்பெனிக்காக உழைக்க வேண்டாம், கம்பெனி கைவிடும் நாளில் எடுத்து நடத்தும் கை நமக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பிறர் எழுதிய நிரலைத் திருத்தித் திருத்தித்தான் வரும். நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் நமக்குக் கொடுக்கப்போவது பிறர் எழுதிய பழைய நிரல்தானே?

மீட்கிறேன் என்று வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 'எக்ஸ்-இஸட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் உள்ள இடமெல்லாம் இருப்பது. அதை ஆண்டுக்கணக்கில் தனி ஒருவராகப் பேணிவந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவுகிறேன் என்று 'ஜியா டான்' என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். இரண்டாண்டுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் உள்ளே ஒரு திருட்டு வழியை வைத்தார். 2024 மார்ச்சில், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது. அரை வினாடி! ஒரே ஆளின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்ததுதான் அங்கே கதவைத் திறந்துவிட்டது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறாவது ஆள் இவ்வளவு எளிதாக நுழைந்திருக்க முடியாது.

ஆசிரியப் பெருமக்களிடம் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த ஆண்டு புரொஜெக்ட் பட்டியலில் 'ஏற்கெனவே உள்ள கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பராமரித்தல்' என்பதையும் ஒரு தலைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட ஒரு கருவியைப் புதிய பதிப்பில் ஓட வைப்பது, ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது, கையேட்டைத் தமிழில் எழுதுவது எதுவானாலும் சரி. மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்கலாம். புதிய புரொஜெக்ட்டைவிட இதற்குப் போடுவது எளிது. 'கிட்' என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமும் குறித்து, எழுதியவர் பெயரோடு, உலகம் பார்க்கக் கிடக்கும். பெர்லினிலோ பெங்களூரிலோ உள்ள ஒருவர் அதைப் படித்து, இது சரியில்லை, திருப்பி எழுது என்று சொல்லியிருப்பார். அந்த உரையாடலும் அங்கேயே இருக்கும். முன்னாள் இரவில் ஏழாயிரம் ரூபாய்க்கு அதை வாங்க முடியாது. வழிகாட்ட ஆள் இல்லையே என்றால், விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்கு இவற்றைக் கற்றுத்தருகிறார்கள். 'கணியம்' இதழ் 2012 முதல் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் முடிவது நம் ஊரில் முடியாதா?

தொடங்குவதற்கு ஒரு சிறு வேலையும் கைவசம் இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவியில் டிஸ்க்குகளின் வகைகளைப் பற்றிய ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கம்பெனியின் எந்த டிஸ்க், எந்த எண்ணை என்ன பொருளில் எழுதுகிறது என்பது அதில் இருக்கும். புதிய டிஸ்க் சந்தைக்கு வந்துகொண்டே இருப்பதால் அந்தப் பட்டியல் என்றும் முடிவதில்லை; பயன்படுத்துவோர் அனுப்பும் விவரங்களைக் கொண்டே அது வளர்கிறது. நானும் வகுப்புத் தோழர்கள் மூவரும் ஆய்வகப் பொறுப்பாளரின் அனுமதியோடு, சனிக்கிழமைகளில் நம் ஆய்வகக் கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறோம். இதுவரை பத்தொன்பது முடிந்திருக்கிறது. இரண்டு டிஸ்க்குகளில் ஐயத்துக்குரிய கட்டங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண்களைத் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். வேறொரு டிஸ்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதன் விவரத்தை எந்த வடிவில் எழுதி அனுப்ப வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவதாக ஒருவர் சேர விரும்பினால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகத்துக்கு வரலாம்.